பெரியாற்றுத் திட்டமும் எழுதப்படாத தேவைகளும்

மென்பொருள் எழுதும் தொழிலில் இன்று ஒரு சொற்றொடர் அடிக்கடி வழங்குகிறது. ‘தேவை திரட்டுதல்’ என்பது அது. கணினிக்குக் கட்டளை எழுதத் தொடங்குமுன், அதைப் பயன்படுத்தப் போகிறவர் யார், அவருக்கு வேண்டுவது யாது, வேண்டாதது யாது என்று கேட்டறிந்து குறித்துக் கொள்வதே அவ்வேலை. சொல்லும்போது மிக எளிதாகத் தோன்றுகிறது. ஆயினும் அத்தொழிலில் நேர்ந்த பெருந்தோல்விகள் பலவற்றுக்கு வேர் இவ்விடத்திலேயே கிடந்தது என்பர் அத்துறை அறிந்தோர். கேட்டவர் ஒன்று கேட்டார்; எழுதியவர் மற்றொன்று எழுதினார்; கட்டியவர் வேறொன்றைக் கட்டினார்; எல்லாம் முடிந்தபின் பார்த்தால், அதைப் பயன்படுத்த வந்து நிற்பவர் முதலில் யாரும் கேட்காத ஓர் ஆள்!

1970ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கர் பெரிய மென்பொருள் வேலைகளை நடத்தும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதலில் தேவை, பின்பு வரைவு, பின்பு எழுதுதல், இறுதியில் சோதனை என்று அருவி பாறைக்குப் பாறை இறங்குவதுபோல் வேலை இறங்கிச் செல்லும் படம் ஒன்று அதில் உண்டு. பிற்காலத்தார் அந்த அருவி முறையை அவர் பெயரோடு சேர்த்தே பேசினர். அப்படி ஒரே போக்கில் இறங்குவது ஆபத்து என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்திருக்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தைப் புரட்டவில்லை போலும். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டு என்னும் மலையூரில் பதினேழு மென்பொருள் வல்லுநர் கூடி, ‘அஜைல்’ என்று இன்று வழங்கும் கொள்கையை வெளியிட்டனர். தேவையை ஒரே நாளில் கேட்டு முடித்துவிட இயலாது. சிறிது செய்து, செய்ததைப் பயன்படுத்துவோர் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு மேலே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஒப்பந்தப் பேரத்தைவிடப் பயனாளரோடு கூடி வேலை செய்வதையே மேலாக மதிப்போம் என்பது அவர்கள் வகுத்த நான்கு கோட்பாடுகளில் ஒன்று.

இக்கொள்கை பேசும் சிக்கலை விளங்கிக் கொள்ள யூட்டா வரை செல்ல வேண்டுவதில்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் கணினிக்கு முன் அமர்ந்திருக்கும் இளைஞர் பலர். அவர்தம் ஊர் வயல்களில் பாயும் நீரே, நூறாண்டு காலம் தேவை கேட்டு, திருத்தி, மறுத்து, மீண்டும் கேட்டு உருவான ஒரு திட்டத்தின் விளைவாகும். முல்லைப் பெரியாற்று அணையின் வரலாற்றைப் பொறியியல் வெற்றியாகப் பலர் பேசியுள்ளனர். யார் கேட்டார், யார் எழுதினார், எழுதியதில் எது விடுபட்டது என்ற கோணத்தில் அதை இங்கே நோக்குவோம்.

நிலத்தின் இயல்பை முதலில் கருதவேண்டும். பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, பெருமழைக் காடுகளின் நீரைத் திரட்டிக்கொண்டு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. அம்மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடப்பது வைகைச் சீமை. ஒருபுறம் வீணாய்க் கடல் சேரும் வெள்ளம். மறுபுறம் நீரின்றி வெடித்த கண்மாய். இடையே நிற்பது ஒரு மலைமுகடு. அம்முகட்டைத் துளைத்தால் மேற்கு நீர் கிழக்கே வரும் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

எழுத்தில் காணும் முதல் முயற்சி இராமநாதபுரத்திலிருந்து வந்தது. முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டில் இந்த எண்ணத்தை ஆராய்ந்தார். அறிவிற் சிறந்த பன்னிருவரை அவர் மலைக்கு அனுப்பினார் என்று, பிற்காலத்தில் அணை வேலையில் பணிபுரிந்து அதன் வரலாற்றை 1899இல் நூலாக்கிய ஏ. டி. மெக்கன்சி குறிப்பிடுகிறார். இச்செய்தி நம் கவனத்துக்கு உரியது. அரண்மனையில் அமர்ந்து வரைபடம் போடாமல், நடந்து சென்று கண்டு வர ஆள் அனுப்பினார் பிரதானி. அவருக்குத் தேவை ஐயமின்றித் தெரிந்திருந்தது: வைகையின் கடைக்கோடியில் நீருக்கு ஏங்கும் இராமநாதபுரத்துக் கண்மாய்கள் நிறையவேண்டும். பொருள்தான் இல்லை. செலவு மிகுதி என்று திட்டம் நின்றது. 1795இல் சேதுபதியின் ஆட்சியையே கம்பெனியார் பறித்துக் கொண்டனர். கேட்டவர் போனார், கேள்வி தங்கியது.

1808இல் கேப்டன் கால்டுவெல் என்னும் இராணுவப் பொறியாளர் இதை ஆராயச் சென்றார். ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல் வேறு, இவர் வேறு. மாணவர்கள் மயங்க வேண்டா. நூறடிக்கு மேல் ஆழமாக மலையை வெட்ட நேரும் என்று கண்டு, இது வெறுங்கனவு, இனி இதைக் கருதவும் தகாது என்ற பொருள்பட அவர் அறிக்கை தந்தார். அவர் கணக்கில் பிழை இருந்ததாகச் சொல்ல இயலாது. ஆனால் அக்கணக்கு ஒரு குறிப்பிட்ட வழிக்கு உரியது. வழியைத் தள்ள வந்தவர் தேவையையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். ‘இவ்வாறு செய்ய இயலாது’ என்பதும் ‘இது வேண்டாதது’ என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த அறிக்கையைப் பெற்றுக்கொண்ட அரசாங்கமும் உணரவில்லை.

அடுத்து 1850இல் ஒரு சிறு மண்ணணை கட்டத் தொடங்கினார்கள். அது பாதியிலேயே கைவிடப்பட்டது. காரணம், வேலையாட்கள் கூடுதல் கூலி கேட்டனர் என்பது. ஏன் கேட்டனர்? அவ்விடம் உடல்நலத்துக்கு ஒவ்வாத இடம். காய்ச்சல் மலிந்த காடு. உயிரைப் பணயம் வைப்பவன் அதற்குரிய கூலி கேட்டான். அதைத் திட்டம் எழுதியவர் தம் மதிப்பீட்டில் சேர்த்திருக்கவில்லை. பயன்பெறுவோரின் தேவையை மட்டுமே தேவை என்று எண்ணி, செய்வோரின் தேவையை மறந்த திட்டம் எத்துணைச் சிறிதாயினும் நிற்காது என்பதற்கு இது பழைய சான்று. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அப்போது அணை கட்டி முடிந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. ஆகவே அக்காட்டில் மாண்டவர்கள் தம்மைக் கொல்வது எது என்று அறியாமலே மாண்டார்கள்.

1862 முதல் ரைவ்ஸ் என்னும் பொறியாளர் இடத்தை ஆராய்ந்து, 1867இல் மண்ணணைத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். விவாதங்கள் நீண்டன. கோப்புகள் மேசை மாறிக் கொண்டிருக்கையில் 1876ஆம் ஆண்டுப் பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் அஞ்சி நினைத்த பஞ்சம் அதுவே. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அதன்பின் அமைந்த பஞ்சக் கமிஷன், பஞ்சத்தைத் தடுக்கும் காப்பாக நீர்ப்பாசன வேலைகளை வலியுறுத்தி 1880இல் அறிக்கை தந்தது. அறுபது எழுபது ஆண்டுகளாக வருமானக் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு திட்டம், உயிர்க் கணக்கில் எழுதப்பட்டவுடன் உயிர் பெற்றது. தேவை மாறவில்லை, அதை எழுதிய ஏடு மாறியது.

1882இல் மேஜர் ஜான் பென்னிகுயிக்கிடம், திருத்திய திட்டமும் மதிப்பீடும் வகுக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டது. பழைய வரைவுகளின் சிக்கலை அவர் வேறு வழியில் அவிழ்த்தார். மண்ணணைக்குப் பதிலாகக் கல்லும் சுண்ணாம்பும், செங்கற்பொடியாகிய சுர்க்கியும் சேர்ந்த பேரணையை எழுப்பி நீரை மேலே உயர்த்துவது. உயர்ந்த நீரை மலையினூடே குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே விடுவது. 1884இல் திட்டம் ஏற்கப்பட்டது.

இனி ஒப்பந்தம். அணை எழும் இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1886 அக்டோபர் 29ஆம் நாள், மூலம் திருநாள் மகாராஜாவின் சார்பில் திவான் இராமய்யங்காரும், இந்திய மந்திரியின் சார்பில் ரெசிடெண்டு ஹானிங்டனும் குத்தகைப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர். ஆற்றடியின் ஆழத்திலிருந்து 155 அடி உயரக் கோட்டுக்குள் அடங்கும் 8000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் வாடகை. காலம் 999 ஆண்டுகள். மாணவர்கள் இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். கையெழுத்திட்ட இரு அரசாங்கங்களில் ஒன்றாகிய பிரிட்டிஷ் ஆட்சி அதன்பின் அறுபத்தோராண்டே இந்நாட்டில் நிலைத்தது. மற்றொன்றாகிய சமஸ்தானம் 1949இல் கொச்சியோடு இணைந்து, 1956இல் கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. மாறாத தேவை ஒன்றை ஆயிரம் ஆண்டுக்கு எழுதிவிட்டோம் என்று எண்ணினார்கள். நிலத்தின் அளவு எழுதப்பட்டது, வாடகை எழுதப்பட்டது. எழுதப்படாதவை பின்னர் ஒவ்வொன்றாக வாயிலில் வந்து நின்றன. அவற்றைச் சொல்லுமுன் அணை எழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

1887இல் வேலை தொடங்கிற்று. சென்னைப் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சரும், தமிழ்நாட்டுத் தொழிலாளரும் அக்காட்டில் உழைத்தனர். அடித்தளம் போடும் இடத்தில் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் தற்காலிகக் கரையிட்டுத் திருப்ப வேண்டும். கரையிடுவர், வெள்ளம் வந்து அடித்துச் செல்லும், மறுபருவத்தில், சென்ற வெள்ளம் எங்கே முட்டிற்று, எங்கே உடைத்தது என்று பார்த்து வேறு வகையாகக் கரையிடுவர். இத்திட்டத்தில் இன்றைய அஜைல் முறைக்கு மிக அணுக்கமான பகுதி இதுதான் என்பேன். ஆறு ஒவ்வோராண்டும் வந்து அவர்கள் வேலையைச் சோதித்தது. அதன் தீர்ப்பை ஏற்று வரைவைத் திருத்துவதன்றி அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆற்றோடு ஒப்பந்தம் எழுத முடியாதல்லவா? அரசாங்கம் பணம் மறுத்தபோது பென்னிகுயிக் தம் சொத்தை விற்று வேலையை முடித்தார் என்று பள்ளத்தாக்கு மக்கள் அன்போடு சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர்தம் நன்றிக்கு அக்கதை சான்று. வரலாறாக எழுத அது போதாது.

அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் 1200 அடி நீளமும் கொண்ட அணையும், 5704 அடி நீளச் சுரங்கமும் முடிந்தன. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மேற்கே போன நீர் வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி, வைகையை அடைந்தது.

அந்நீர் யாருக்குச் சென்றது? மதுரைக்கு வடமேற்கே பேரணையில் வைகையை மறித்து, அங்கிருந்து பெருங்கால்வாய் வெட்டி, மேலூர் வரை நீரைக் கொண்டு சென்றனர். பஞ்சத்தில் அடிபட்ட வறண்ட நிலங்கள் நெல் விளையும் நன்செய் ஆயின. இது பெரும் பேறு. ஆனால் நூறாண்டுக்கு முன் முதலில் கேட்டது மேலூர் அன்று, இராமநாதபுரம். அதன் கண்மாய்கள் பெரியாற்றுப் பாசன எல்லைக்கு வெளியே நின்றன. தேவையைப் பன்னிருவர் மூலம் முதலில் சொல்லியனுப்பிய சீமை, தேவைப் பட்டியல் இறுதியாக எழுதப்பட்டபோது அந்த அறையில் இல்லை.

எழுதப்படாத தேவைகளுள் மிகப் பெரிய வழக்கை எழுப்பியது மின்சாரம். குத்தகை எழுதிய 1886இல் அது குழந்தைத் தொழில். நியூயார்க்கில் எடிசனின் நிலையம் தொடங்கி நான்காண்டே ஆகியிருந்தது. குத்தகை எழுதியவர் கருத்தில் இருந்தது பாசனமே. 1932இல் நீலகிரியில் பைக்காரா நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய காலத்தை ஒட்டி, சுரங்கத்திலிருந்து மலையடிவாரத்துக்கு வீழும் பெரியாற்று நீரின் ஆற்றலைச் சென்னை அரசாங்கம் கண்டது. வீழ்கின்ற நீர் எப்படியும் வீழ்கிறது. அது ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு வயலுக்குப் போனால் யாருக்கு நட்டம் என்பது சென்னையின் வாதம். நாம் பாசனத்துக்குத் தந்தோம், மின்சாரத்துக்குத் தரவில்லை என்பது திருவிதாங்கூரின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு என்பதுதான் இதில் உள்ள இடர். வழக்கு நடுவரிடம் சென்றது. 1941இல் நளினி ரஞ்சன் சட்டர்ஜி திருவிதாங்கூர் பக்கமே தீர்ப்பளித்தார்: நீர் பாசனத்துக்கு மட்டுமே.

நாடு விடுதலை பெற்றபின் இரு மாநிலங்களும் பேசின. 1950களின் இறுதியில் லோயர்கேம்ப்பில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1970 மே மாதத்தில் துணை உடன்படிக்கைகள் முறையாக எழுதப்பட்டன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. மின்சாரத்துக்குத் தனிக்கட்டணம் வகுக்கப்பட்டது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்கு உரியதாயிற்று. 999 ஆண்டுக்கு எழுதிய பத்திரம் 84 ஆண்டுக்குள் திருத்தம் கண்டது. திருத்தியதை நான் குறையாகக் கூறவில்லை. பத்திரத்தோடு பேச்சும் சேர்ந்தபோதுதான் காரியம் நகர்ந்தது. அணையின் உறுதி பற்றி ஐயம் எழுந்து 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், அணை வலுப்படுத்தப்பட்டதும், 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைந்ததும் நீங்கள் செய்தித்தாளில் படித்தவை. அங்கும் சிக்கல் இதே இனத்தது: அணைக்குக் கீழே மேற்கில் வாழ்வோரின் அச்சமும் கிழக்கில் வாழ்வோரின் பயிரும் 1886இன் பத்திரத்தில் ஒருசேர இடம்பெறவில்லை.

இப்போது பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். சுரங்கத்தை விட்டு இறங்கும் நீர் முதலில் காண்பது கம்பம் பள்ளத்தாக்கையே. ஆயினும் திட்டத்தின் கண் மதுரை மீது இருந்தது. இப்பள்ளத்தாக்கு நீர் கடந்து செல்லும் வழி. நாளடைவில் இங்கும் இருபோகப் பாசனம் உறுதியாயிற்று. உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488, ஆக 14,707 ஏக்கர் என்பது இன்று அரசாணைகளில் காணும் கணக்கு. ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் இது. மேட்டு நிலத்தார் அதன்பின் நெடுங்காலம் கேட்டுக்கொண்டே இருந்தனர். பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் லோயர்கேம்ப்பிலிருந்து தேவாரம் வழியாகப் போடி நோக்கிச் செல்லும் பதினெட்டாம் கால்வாய், அவ்வாறு பின்னால் சேர்க்கப்பட்ட தேவைகளுள் ஒன்று. அதன் பாசனம் 4,614 ஏக்கர்.

கிழக்கு விளிம்பில், மேகமலை அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கிறது ராயப்பன்பட்டி. பெரியாற்று நீர் ஓடும் பள்ளத்தாக்கிலேயே உள்ள ஊர். ஆனால் மலையை நோக்கி உயர்ந்து செல்லும் அதன் நிலங்களுக்கு ஆற்று வாய்க்கால் ஏறிச் செல்லாது. நீர் மேட்டுக்கு ஓடாது என்பதை எந்தப் பத்திரமும் மாற்ற இயலாதல்லவா? 1789இன் பன்னிருவரோ, ரைவ்ஸோ, பென்னிகுயிக்கோ இம்மேட்டு நிலத்தானைத் தம் பட்டியலில் எழுத ஏது இருக்கவில்லை. இவ்வூர்ப் பக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் கிணற்று நீரில் வளர்ந்தன. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றதை நீங்கள் அறிவீர்கள்.

இவ்வூருக்கு வேறு விடை தேவைப்பட்டது. அதைப் பெரியாற்றில் தேடாமல், தலைக்கு மேலே நிற்கும் மேகமலையில் தேடினார்கள். மலையோடைகளின் நீரை ராயப்பன்பட்டி அருகே தேக்கி எழுந்தது சண்முகாநதி அணை. உயரம் 52 அடிக்குச் சற்று மேல். பாசனம் 1,640 ஏக்கர். ராயப்பன்பட்டி, மல்லிங்காபுரம், சின்னஓவுலாபுரம், சீப்பாலக்கோட்டை, வெள்ளையம்மாள்புரம், ஓடைப்பட்டி முதலிய ஊர்கள் அதனால் பயன் பெறுகின்றன. பெரியாற்று அணையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆனால் யாருக்கு நீர், எந்த ஊருக்கு எத்தனை ஏக்கர் என்பது ஊர்ப் பெயரோடு சொல்லத்தக்க அளவில் அமைந்த திட்டம் இது. வடகிழக்குப் பருவமழை மேகமலையில் நன்கு பெய்து அணை நிரம்பும் ஆண்டுகளில் உழவர் கேட்க, அரசாணை வர, மதகு திறக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அம்மேட்டு நிலங்கள் பழையபடி கிணற்றையே நம்பி நிற்கின்றன.